மரை ஏறினால் மட்டும் போதாது: டீசல் எஞ்சினுக்குத் தவறான ஆயில் ஃபில்டர் போட்டால் தெரியும் அறிகுறிகளும் சரிசெய்யும் வழியும்

"ஆயில் மாற்றினேன், ஃபில்டரும் புதுசு போட்டேன், அதற்குப் பிறகுதான் இந்தச் சத்தம்" என்று யாராவது வந்தால், பழைய ஃபில்டர் இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் அங்கேயே பிடிபட்டுவிடும். மரையின் அளவு, ரப்பர் ரிங்கின் வட்டம், டப்பாவின் உயரம் எல்லாம் வெளியில் தெரிபவை. மீதிப் பாதி டப்பாவுக்குள் இருக்கிறது. ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு, வடிதாள் அடைத்துக்கொண்டால் திறந்து வழிவிடும் பைபாஸ் வால்வு, பேப்பர் என்று நாம் சொல்லும் அந்த மடித்து வைத்த வடிதாள் ஆகியவை திருகிப் பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. மரை ஏறிவிட்டது என்பதற்காக அதுதான் சரியான ஃபில்டர் என்று முடிவு செய்தால், எஞ்சின் அதைச் சில நாளிலோ சில ஆயிரம் கிலோமீட்டரிலோ சொல்லிக்காட்டும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், காரணம் தேடாமல் உடனே நிறுத்துங்கள். டர்போ உள்ள எஞ்சினில் அதன் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஓரமாக நிறுத்தப் போகும் அரை நிமிடத்திலேயே அது போய்விடலாம். இரண்டாவது, கோளாறு ஃபில்டர் மாற்றியதும் தொடங்கியதா, அதற்கு முன்பே இருந்ததா என்று நிதானமாக யோசியுங்கள். முன்பே இருந்தது என்றால் ஃபில்டரை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை. அங்கே பார்க்க வேண்டியவை ஆயில் பம்பும் பேரிங்குகளும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி தடதடவென்று சத்தம், ஆயில் விளக்கு தாமதமாக அணைகிறது

ஃபில்டர் மாற்றியபின் அதிகம் வரும் புகார் இது. சூடான எஞ்சினை நிறுத்தி உடனே திரும்ப ஸ்டார்ட் செய்தால் சத்தம் இருக்காது. இரவு முழுக்க நின்ற பிறகு மட்டும் வரும். அப்படியானால் நிற்கும் நேரத்தில் ஃபில்டரில் இருந்த ஆயில், எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடுகிறது. காலையில் பம்ப் முதலில் காலி டப்பாவை நிரப்பி, அதன் பிறகுதான் மேலே ஆயில் அனுப்புகிறது. அந்த இடைவெளியில் கிராங்க் பேரிங்கும் ராக்கரும் டர்போவும் பழைய ஆயில் ஈரத்தில்தான் ஓடுகின்றன.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. இரவு நிறுத்திய எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமலே ஃபில்டரைக் கழற்றுங்கள். படுக்கை வாட்டில் நிற்கும் ஃபில்டர் என்றால் அடியில் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். வால்வு நல்ல நிலையில் இருந்தால் முதல் சுற்றிலேயே ஆயில் வழியத் தொடங்கும், கழன்று வரும் டப்பா கனமாக இருக்கும். வால்வு பிடிக்கவில்லை என்றால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும், டப்பா இலேசாக வரும். ஒருமுறை கையில் அந்த எடை வித்தியாசத்தை உணர்ந்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

புதிய ஃபில்டரின் வாயில் நடு மரையைச் சுற்றிச் சிறு துளைகள் இருக்கும். அந்தத் துளைகளுக்குள் பார்த்தால் உள்ளே ரப்பர் மடல் ஒன்று தெரிய வேண்டும். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் மொட்டை முனையால் மிக மெதுவாக அழுத்தினால் அது உள்ளே போய்த் தானாகத் திரும்பி வந்து மூட வேண்டும். தகரம் மாதிரி விறைப்பாக இருந்தாலோ ஓரம் சுருங்கி இடைவெளி தெரிந்தாலோ அந்த ஃபில்டரைத் தள்ளி வையுங்கள். மடல் நைட்ரைல் ரப்பராக இருக்கலாம், சிலிக்கோனாக இருக்கலாம். நைட்ரைல் நீண்ட நாள் சூட்டில் இறுகிவிடும். சிலிக்கோன் கூடுதல் சூட்டையும் குளிரையும் தாங்கி வளையும். நீண்ட இடைவெளியில் ஆயில் மாற்றும் எஞ்சினுக்கு நான் சிலிக்கோன் மடலைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வாய் மேல்நோக்கி, டப்பா நேராகக் கீழே தொங்கும் எஞ்சின்களில் இந்த வால்வின் வேலை குறைவு. ஆயில் டப்பாவிலேயே தங்கிவிடும். அதனால்தான் சில ஃபில்டர்களில் இந்த மடலே இருக்காது, அது குறையும் ஆகாது. ஆனால் அதே மரை, அதே வட்டம் உள்ள அந்த ஃபில்டரைக் கொண்டுபோய்ப் படுக்கை வாட்டில் மாட்டினால் மேலே சொன்ன சத்தம் உறுதி.

டப்பா இல்லாமல் கூண்டுக்குள் போடும் எலிமென்ட் வகை என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சில எஞ்சின்களில் எலிமென்ட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் முளை நீட்டிக்கொண்டிருக்கும். கூண்டின் அடியில் இருக்கும் வடிகால் துளையை அடைப்பது அந்த முளைதான். முளை இல்லாத எலிமென்ட்டும் அந்தக் கூண்டுக்குள் அழகாக உட்காரும், மூடியும் இறுகும். ஆனால் துளை திறந்தே கிடப்பதால் எஞ்சின் ஓடும்போதே ஆயிலின் ஒரு பகுதி நேராகச் சம்ப்புக்கு ஓடும். நிற்கும்போது கூண்டும் காலியாகும்.

சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் முன்பைவிடக் குறைவு

முதலில் டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கையேட்டில் சொன்ன ஆர்.பி.எம்.மில் பாருங்கள். குறைவு உண்மை என்றால், ஊற்றிய ஆயிலின் தடிமன் மாறியதா என்று பாருங்கள். 15டபிள்யூ-40 ஓடிய எஞ்சினில் இம்முறை அதைவிட மெல்லிய 5டபிள்யூ-30 ஊற்றியிருந்தால் சூட்டில் பிரஷர் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதற்கு ஃபில்டரைக் குறை சொல்லக் கூடாது.

ஆயில் அதேதான் என்றால் எலிமென்ட் வகையில் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் நடுத்தண்டில் இருக்கும் சிறு ஓ-ரிங்கை மாற்ற மறந்திருப்பார்கள், அல்லது பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டிருக்க மாட்டார்கள். பெரிய ஓ-ரிங் விட்டுப்போனால் வெளியே ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். சிறிய ஓ-ரிங் விட்டுப்போனால் ஒரு சொட்டும் வெளியே தெரியாது. கசிவு முழுக்க உள்ளேயே நடக்கும். எலிமென்ட் சில மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் இதே கதைதான், மேலும் கீழும் சீல் ஆகாமல் ஆயில் பேப்பரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இரண்டு ஃபில்டர் உள்ள பெரிய எஞ்சின்களில் ஒரு குழப்பம் நேரும். ஒன்று முழு ஓட்ட ஃபில்டர், பம்பிலிருந்து வரும் ஆயில் மொத்தமும் அதன் வழியாகத்தான் போகும். இன்னொன்று பைபாஸ் ஃபில்டர், ஓட்டத்தில் 5 முதல் 10 சதவீதம் அளவை மட்டும் எடுத்து மிக நுண்ணியதாக வடித்துச் சம்ப்புக்கே திருப்பி அனுப்பும். இரண்டின் மரையும் ஒன்றாகவே இருந்து, இரண்டும் இடம் மாறிவிட்டால், நுண்ணிய பேப்பர் முழு ஓட்டத்தைத் தாங்காது. பைபாஸ் வால்வு எந்நேரமும் திறந்தே கிடக்கும், அல்லது ஓட்டமே குறையும். பெயரில் வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பைபாஸ் வால்வு என்பது அவசர வாசல். பைபாஸ் ஃபில்டர் என்பது தனி வடிகட்டி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

கேஜ் சரி, சத்தமும் இல்லை; ஆனால் பேரிங் சீக்கிரம் தேய்கிறது

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்த நிலைதான். காரணம், இதற்கு விளக்கு எரியாது.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு ஆயில் போகாது என்று பலரும் நினைக்கிறார்கள். போகும். பேப்பருக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டியதும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே பேரிங்குக்கு அனுப்பும். அழுத்தத்தைப் பார் என்ற அலகில் அளப்பார்கள். முன்னால் 4 பார், பின்னால் 2.5 பார் என்றால் வித்தியாசம் 1.5 பார். 1 பாரில் திறக்கும் வால்வாக இருந்தால் அது இந்நேரம் திறந்துவிட்டது. 2 பாரில் திறக்கும் வால்வாக இருந்தால் ஆயில் இன்னமும் பேப்பர் வழியாகத்தான் போகிறது. ஆயில் இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஆயிலில் ஓடுவது மேல் என்ற கணக்கில்தான் இந்த வால்வை வைத்தார்கள். ஆனால் அது எப்போதாவது திறக்க வேண்டியது, தினமும் அல்ல.

குளிர்ந்த 15டபிள்யூ-40 கெட்டியாக இருக்கும். டீசல் எஞ்சினின் ஆயில் பம்ப்பும் பெரியது. காலை ஸ்டார்ட்டில் பேப்பரின் இரு பக்கமும் வித்தியாசம் சட்டென்று ஏறும். சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கான ஃபில்டர்களில் 1 பாருக்குள்ளேயே திறக்கும் வால்வுகள் நிறைய உண்டு. டீசலுக்கென்று செய்தவற்றில் 1.5, 2 பார், அதற்கும் மேல் என்று வைத்திருப்பார்கள். மரை பொருந்துகிறது என்று பெட்ரோல் கார் ஃபில்டரை டீசலில் போட்டால், ஒவ்வொரு காலையும் எஞ்சின் சூடாகும்வரை வடிகட்டாத ஆயில்தான் ஓடும். கேஜில் எந்த வித்தியாசமும் தெரியாது. பேரிங்கில் வரி விழுந்த பிறகுதான் தெரியும்.

எதிர்த் தவறும் உண்டு. சில எஞ்சின்களில் பைபாஸ் வால்வு ஃபில்டரில் இருக்காது, எஞ்சின் பிளாக்கிலேயே, அல்லது ஃபில்டர் திருகி ஏறும் தலையிலேயே இருக்கும். அதற்கான ஃபில்டருக்குள் வால்வு கிடையாது. அந்த ஃபில்டரை, வால்வைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத எஞ்சினில் மாட்டினால், பேப்பர் அடைக்கும் நாளில் ஆயிலுக்கு வேறு வாசலே இல்லை. பேப்பர் கிழியும், அல்லது நடுக்குழாய் நசுங்கி ஆயில் ஓட்டம் குறையும். ஹைட்ராலிக் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் ஆயில் ஃபில்டர் இடத்தில் போடுவது இதே ரகத் தவறு. டிராக்டரிலும் மண் வேலை எந்திரங்களிலும் அவை ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். எண் பார்க்காமல் மாட்டவே கூடாது.

சந்தேகம் வந்தால் கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். ஹாக்சா வேண்டாம், அதன் இரும்புத்தூள் உள்ளே விழுந்து எது எஞ்சினிலிருந்து வந்தது, எது பிளேடிலிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும். டின் திறப்பது போலச் சுற்றி வெட்டும் ஃபில்டர் கட்டர் இருக்கிறது. டப்பாவைத் திறந்து பேப்பரை மட்டும் உரித்தெடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணிமேல் விரியுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மடிப்பின் அடியில் மினுமினுப்பது தெரியும். காந்தத்தைத் துணிக்கு அடியில் நகர்த்துங்கள். கூடவே நகர்வது இரும்பு. நகராமல் வெள்ளையாக மின்னுவது பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டனிலிருந்து வரலாம். செம்பு நிறத்தில் செதில் தெரிந்தால் பேரிங்கின் மேல் பூச்சு தேய்ந்து அடிப்படலம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். அந்த எஞ்சினைத் திறந்து பார்த்தாக வேண்டும். புதிதாக ரீபோர் செய்த எஞ்சினில் முதல் ஃபில்டரில் கொஞ்சம் மினுமினுப்பு இயல்பு. கவலை தருவது இரண்டாவது, மூன்றாவது ஃபில்டரிலும் தொடர்வதுதான்.

பேப்பர் சுத்தமாக, ஏறக்குறைய புதிது போல இருந்தால் மகிழாதீர்கள். ஆயில் அதன் வழியாகப் போகவே இல்லை என்றும் இருக்கலாம்.

மாற்றிய மறுநாளே ஆயில் கருப்பாகிவிட்டது

டீசலில் இது இயல்பு. எரிதலில் வரும் கரி ஆயிலில் கலக்கிறது. அந்தக் கரித்துகள் 1 மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவானது. தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்றால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முழு ஓட்ட ஃபில்டர் எதுவும் அதைப் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது, பிடித்தால் ஒரே வாரத்தில் அடைத்துவிடும். ஆயிலில் சேர்த்திருக்கும் ரசாயனம் கரியைத் தனித்தனித் துகளாக மிதக்க வைத்திருக்கிறது. ஆயிலை அளவுக்கு மீறி ஓட்டினால் அந்தச் சக்தி தீர்ந்து, கரி திரண்டு, தார் போல ஃபில்டரில் படியும். ஆகவே ஃபில்டர் காலத்துக்கு முன்பே அடைத்தால் விலை உயர்ந்த ஃபில்டர் தேடாதீர்கள். ஆயில் மாற்றும் இடைவெளியையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். கரியையும் வடிக்க வேண்டும் என்றால் அதற்குப் பைபாஸ் ஃபில்டரும், சுழல் விசையால் அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் சென்ட்ரிஃபியூஜும் இருக்கின்றன.

பேப்பரில் பழுப்பாகக் கூழ் போலப் படிந்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. சாதாரண வடிதாள் தண்ணீர் பட்டால் ஊறி ஓட்டத்தை அடைத்துவிடும். ஆயில் கூலரையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்காமல் அடுத்த ஃபில்டரைப் போடாதீர்கள்.

மைக்ரான் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. "20 மைக்ரான்" என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. அந்த அளவுத் துகளில் எத்தனை பங்கைப் பிடிக்கிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயில் ஃபில்டர் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 4548-12 முறையில் சோதிப்பவர்கள் பீட்டா மதிப்பாகத் தருவார்கள். உள்ளே போன துகளை வெளியே வந்த துகளால் வகுத்த எண் அது. பீட்டா 2 என்றால் பாதியைத்தான் பிடிக்கிறது. 75 என்றால் 98.7 சதவீதம். இரண்டுமே "20 மைக்ரான் ஃபில்டர்" என்ற பெயரில் விற்கலாம்.

வாய் ஓரத்தில் ஆயில் ஒழுகுகிறது

பழைய ரப்பர் ரிங் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதிய ரிங் உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்த சில விநாடியிலோ சில நிமிடத்திலோ ஆயில் பீய்ச்சி அடிக்கும். ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரிங் கூடவே வந்ததா என்று பார்த்து, பிளாக்கின் முகத்தை விரலால் ஒரு சுற்று தடவுங்கள்.

ரிங் ஒன்றுதான் என்றால் மரையைச் சந்தேகப்படுங்கள். எம்20 × 1.5 என்பது 20 மி.மீ. விட்டம். 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை என்பது 19.05 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். 3/4 அங்குல ஃபில்டர் எம்20 ஸ்டட்டில், அதாவது ஃபில்டர் திருகி ஏறும் மரைத்தண்டில், ஏறாது, அதனால் தவறு உடனே தெரிந்துவிடும். எம்20 ஃபில்டர் 3/4 அங்குல ஸ்டட்டில் ஏறிவிடும், ஆபத்து அங்கேதான். ஒரு ஜெனரேட்டர் எஞ்சினில் நானே இதைப் பார்த்தேன். இரண்டு சுற்று ஏற்றிவிட்டு டப்பாவைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது. மரையின் நுனி மட்டுமே, பக்கத்துக்குக் கால் மி.மீ. அளவுக்குத்தான் கவ்வியிருந்தது. அதை இறுக்கி ஓட்டியிருந்தால் குளிர்ந்த ஆயிலின் அழுத்தத்தில் டப்பா பிய்ந்துகொண்டு போயிருக்கும். இரண்டு சுற்றில் ஆட்டிப் பார்க்கும் இந்தச் சோதனையை எந்த ஃபில்டருக்கும் தவறாமல் செய்யுங்கள். சரியான மரை இலேசாக ஆடும், தளர்ந்து தொங்காது.

மரையும் சரி என்றால் ரிங்கின் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் வெர்னியரில் அளந்து, பிளாக்கில் அது உட்காரும் முகத்தோடு ஒப்பிடுங்கள். ரிங்கின் ஓரம் பள்ளத்தில் பாதி தொங்கினால் அது நிற்காது.

டப்பா உப்பியிருக்கிறது

இது ஃபில்டரின் தவறு இல்லை. கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றும் பம்பின் பிரஷர் ரிலீஃப் வால்வு சிக்கிக்கொண்டு அழுத்தம் அளவு மீறியிருக்கிறது. உப்பியதை எறிந்துவிட்டு, அந்த வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே புதியதை மாட்டுங்கள்.

சரியான எண்ணைப் பிடிப்பது எப்படி

வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வரும் வண்டியில் இரண்டு மூன்று எஞ்சின்கள் இருக்கும், அதே எஞ்சினில் இடையில் டப்பா வகையிலிருந்து எலிமென்ட் வகைக்கு மாறியும் இருப்பார்கள். எஞ்சின் பிளாக்கில் உள்ள தகட்டிலிருந்து எஞ்சின் மாடலையும் வரிசை எண்ணையும் எடுத்து, உதிரிபாகப் புத்தகத்தில் பாருங்கள். பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண் தந்திருந்தால் புதியதையே எடுங்கள். கழற்றிய ஃபில்டரின் எண்ணை மட்டும் நம்பினால், முந்தியவர் செய்த தவறு உங்களிடம் தொடரும்.

வேறு கம்பெனி ஃபில்டர் போடுவதில் தவறில்லை. ஆனால் இணை எண் பட்டியல் சில சமயம் மரையையும் ரிங்கையும் வைத்து மட்டுமே தயாரித்ததாக இருக்கும். அந்தக் கம்பெனியின் விவரத் தாளில் பைபாஸ் வால்வு எத்தனை பாரில் திறக்கும், திரும்பி வடியாத வால்வு உண்டா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு எடுங்கள். உயரம் கூடிய ஃபில்டர் போட இடம் இருந்து, மற்ற அளவுகள் ஒன்றாகவும் இருந்தால் அழுக்கு தாங்கும் அளவு கூடும், நல்லதுதான். கூடுதல் ஆயில் பிடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குட்டையானதைப் போடாதீர்கள்.

மாட்டும்போது

ரப்பர் ரிங்கில் புது ஆயிலைத் தடவுங்கள். ஃபில்டரை நிரப்பி மாட்டலாமா என்பதில் எஞ்சின் தயாரிப்பாளர்களே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சிலர் டர்போவுக்கு நல்லது, நிரப்பு என்கிறார்கள். சிலர் வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும், நிரப்பாதே என்கிறார்கள். உங்கள் எஞ்சினின் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். நிரப்பினால் ஓரத் துளைகள் வழியாக ஊற்றுங்கள், நடுத்துளையில் ஊற்றவே கூடாது. நடுத்துளை வடிகட்டிய பக்கம்.

ரிங் பிளாக்கைத் தொட்டதும் கையால் முக்கால் முதல் ஒரு சுற்று, அல்லது டப்பாவில் அச்சிட்ட அளவு. பட்டை ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். எலிமென்ட் வகையின் பிளாஸ்டிக் மூடியில் இறுக்கும் அளவு அச்சிட்டிருக்கும், 25 நியூட்டன் மீட்டர் என்று பலவற்றில் பார்க்கலாம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்கினால் மூடி விரிசல் விடும்.

ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். பத்து நிமிடம் ஓடட்டும், ரிங்கின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்தி, ஆயில் இறங்கச் சில நிமிடம் விட்டு, டிப் ஸ்டிக்கைப் பார்த்து, ஃபில்டர் குடித்த அளவை ஊற்றி நிரப்புங்கள். பிறகு டப்பாவின் மேல் அழியாத பேனாவால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிட்டு, மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள்.